தேய்ந்த விரலும் வங்கிப் பணமும்



1969 ஜூலை 19ல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. ஏழைக்கும் வங்கி வாசல் திறந்தது. இன்று கிராமத்தில் வங்கி முகவரின் ரேகை யந்திரமே வாசல்.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றித் தேய்ந்த விரல்கள், தாமிரவருணி வயல்களில் நாற்று நட்டுத் தேய்ந்த விரல்கள்! அந்த ரேகை பதியவில்லையென்றால், சொந்தப் பணத்துக்குப் பஸ் ஏறி வங்கிக் கிளைக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. அவசரத்துக்கு அருகிலிருப்பவன் கந்துவட்டிக்காரன்தான். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் மறந்துவிடவில்லை.

நாம் யந்திரத்தின் விரோதிகளல்ல. 2016ல் வந்த யுபிஐ பலருக்கு உதவுகிறது. ஆனால் ரேகை பதியாதவருக்கும் ஊரிலேயே பணம் கிடைக்கவேண்டும். பாஸ் புத்தகம் பார்த்துக் கொடுக்க ஆளும் கிளையும் கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்!