வால்வு ஆபரேஷனுக்கு நான் தயாரான கதை

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் 15 நிமிஷம் பேசச் சொன்னார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருஷம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன். போன வருஷம் எனக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். அதற்குப் பிறகு என்னை வழியில் நிறுத்தி விசாரித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "சின்னக் கீறலா சார், இல்லே நெஞ்சைத் திறந்தாங்களா?" நானும் டாக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். கடைசியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

லிஃப்ட் ரிப்பேராகிக் கிடந்த இரண்டு வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் தினமும் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று நோட்டீஸ் போர்டைப் படிப்பேன். உண்மையில் மூச்சு வாங்கியதால்தான் நின்றேன். மூன்றாம் நாள் என் மனைவி கேட்டாள், "சந்தா பாக்கி லிஸ்ட்டை எத்தனை தடவைதான் படிப்பீங்க?" வயசு, தொப்பை என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த உடனேயே முகம் மாறிவிட்டது. எக்கோ எடுத்தார்கள்.

பெருந்தமனி வால்வு என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல் கதவு. நல்ல கதவு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். எனக்கு 0.8. பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழ்தான் எனக்கு இருந்திருக்கிறது. நூறு பேரில் ஒருவர், இருவருக்கு இப்படி இருக்குமாம். 66 வயசு வரை தெரியவே இல்லை. அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. மாத்திரை போட்டு அதைத் திறக்க முடியாது. மூச்சு வாங்குவது, மயக்கம், நெஞ்சுவலி இவற்றில் ஒன்று ஆரம்பித்த பிறகு சும்மா இருந்தால், பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வருஷம்தான் என்றார். நான் அதற்குள் ஒரு வருஷத்தை நோட்டீஸ் போர்டு மாதிரி சாக்குகளில் செலவழித்திருந்தேன்.

முதலில் போன மருத்துவமனையில் சின்னக் கீறல் என்றார்கள். வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே சின்னத் துளை, எலும்பை வெட்ட வேண்டாம், சீக்கிரம் வீடு. எனக்கு இனித்தது. அன்றே முன்பணம் கட்டிவிட்டேன். செக்கில் தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் சரிபார்த்தே பாஸ் பண்ணிப் பழகிய ஆள், தன் நெஞ்சு விஷயத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை. சி.டி. ஸ்கேன் எப்போது என்று கேட்டதற்கு, "அட்மிஷன் ஆனதும் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

என் மகள்தான் இன்னொரு சர்ஜனிடம் அழைத்துப் போனாள். போவதற்கு முன் பழைய டைரியில் கேள்விகளை எழுதிக்கொண்டேன். இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? அதில் சின்னக் கீறல் வழியாக எத்தனை? நடுவில் சரிவராவிட்டால் என்ன செய்வீர்கள்? கத்தி பிடிப்பது நீங்களா, உதவியாளரா? அவர் கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். பிறகு, "சி.டி. பார்க்காம எந்தக் கீறல்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சி.டி.யில் வேறு ஒன்று தெரிந்தது. வால்வுக்கு மேலே பெருந்தமனியே 47 மி.மீ. வீங்கியிருந்தது. இரண்டு இதழ் வால்வு உள்ளவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம். வால்வுக்காகத் திறக்கும்போதே அந்தத் துண்டையும் எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைப்பது நல்லது, அதற்கு நெஞ்சு நடுவெலும்பை முழுசாகத் திறந்தால்தான் தனக்குக் கை தாராளமாகப் போகும் என்றார். என் சின்னக் கீறல் அத்தோடு முடிந்தது. அந்த முன்பணம் திரும்பி வர நாலு மாசம் ஆனது, அது தனிக் கதை.

சின்னக் கீறல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வால்வு மட்டும்தான் பிரச்சினை, தமனிகள் நன்றாக இருக்கின்றன, சர்ஜனுக்கு அதில் நல்ல பழக்கம் என்றால் வலியும் குறைவு, எழுந்து நடமாடுவதும் சுலபம். ஆனால் உள்ளே நடக்கும் வேலை அதேதான். இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினில் ஓட்டித்தான் செய்கிறார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இருந்து பைபாஸும் சேர்ந்தால் பெரும்பாலும் முழு கீறல்தான்.

தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைக்கும் டாவி முறையையும் கேட்டேன். 2002-இல் பிரான்சில் முதன்முதலாகச் செய்தது. 80 தாண்டியவர்களுக்கும் ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். என் தமனி வீக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அந்த வால்வின் விலையும் அதிகம். எங்கள் ஓய்வூதியர் காப்பீட்டில் எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். நீங்களும் எந்த முறையானாலும் எழுத்தில் வாங்குங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் விசாரியுங்கள்.

அடுத்தது எந்த வால்வு? உலோக வால்வு ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. என் பெரியம்மா மகளுக்குச் சின்ன வயசில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டது. 30 வயசில் சித்ரா வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரத்தில் நம் நாட்டிலேயே உருவாக்கி 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய வால்வு அது. அவள் மாசாமாசம் ஐ.என்.ஆர். பார்க்கிறாள். ஒரு நாள் கீரை நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று இருக்காமல் அளவாகச் சாப்பிடுகிறாள். ராத்திரி அமைதியில் அவள் நெஞ்சில் 'டிக் டிக்' கேட்கும். மாட்டுத் திசுவிலோ பன்றி வால்விலோ செய்தது திசு வால்வு. பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷம் வரும், நிரந்தர மாத்திரை பெரும்பாலும் வேண்டாம். 66 வயசுக்கு எனக்கு அது போதும் என்று முடிவு செய்தோம்.

தயாரிப்பில் எல்லோரும் மறப்பது பல். வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் போய்ப் புது வால்வில் உட்கார்ந்தால் ஆபத்து. எனக்கு இரண்டு சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்கினார்கள். இப்போதும் பல் வைத்தியத்துக்கு முன் ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொள்கிறேன். மூன்று பந்து கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி ஊதிப் பழகுங்கள். ஊதுவது என்று தப்பாகச் சொல்கிறேன், இழுக்க வேண்டும்! நானும் முதல் நாள் ஊதித்தான் பார்த்தேன். சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க வந்த நம் குடியிருப்பு இளைஞர்கள் நால்வருக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எத்தனையோ ஆயிரம் வாடிக்கையாளர்களிடம் "நாமினேஷன் போட்டீங்களா?" என்று கேட்டவன் நான். என் இரண்டு வைப்புத்தொகைகளில் நாமினேஷன் இல்லை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு எல்லாவற்றையும் சரி செய்து, ஒரு தாளில் எது எங்கே என்று எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தாளை சாப்பாட்டு மேஜைமேலேயே வைத்தேன். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, "லாக்கர் சாவி எந்த டிராயர்னு எழுதலையே" என்றாள். இருவரும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தோம். கல்யாணமாகி 38 வருஷத்தில் நாங்கள் அப்படிப் பேசியது அன்றுதான்.

கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது. வீட்டில் முன்னாலேயே சொல்லி வைத்து, கை அழுத்தினால் என்ன அர்த்தம் என்று பேசிக்கொள்ளுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். எலும்பு சேர இரண்டு மூன்று மாசம் ஆகும். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது, தண்ணீர் கேனைத் தூக்கக்கூடாது. பரணில் இருப்பதை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை எடுத்து வையுங்கள். பிறகு காரணமில்லாமல் அழுகை வரும். நான் ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு அழுதேன். நிறையப் பேருக்கு வருமாம், சில வாரத்தில் போனது.

இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் வரலாம் என்பதால் என் தம்பிக்கும் மகளுக்கும் எக்கோ எடுத்தோம். மகளுக்கு ஒன்றுமில்லை. தம்பிக்கு இருக்கிறது, இன்னும் சுருக்கம் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை போகிறான்.

அந்தக் கேள்வி டைரி என்னிடம்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். மத்தியானம் 2 முதல் 4 வரை மட்டும் பெல் அடிக்காதீர்கள், தூங்குவேன்.