கறுப்பு மணற்கரையில் ஒரு கணக்குப் பிழை

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறையில் 2006 முதல் 2010 வரை பயின்ற மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசச் சொல்லித்தான் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். "நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்திப் பேசட்டுமா சார்?" என்றேன். "பேசு, ஆனா பத்து நிமிஷத்துக்குள்ள தப்பை முடிச்சிடு" என்றார். முடித்துவிடுகிறேன்.

2023-ல் கம்பெனி வேலையாகக் கலிபோர்னியாவில் இருந்தேன். ஊர் திரும்புவதற்கு முன்னால், மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஹவாய்த் தீவுகளுக்குப் போனேன். அந்தத் தீவுக்கூட்டத்தில் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். குழப்பம் வேண்டாமென்று 'பிக் ஐலண்ட்' என்கிறார்கள். அதன் கிழக்குக் கரையில் ஹிலோ என்ற ஊரில் தங்கி, ஒரு நாள் வேன் டூருக்குப் பணம் கட்டினோம். முதலில் எரிமலைப் பூங்கா, பிறகு புனலூ என்ற கறுப்பு மணல் கடற்கரை.

வண்டி ஓட்டியவரும் வழிகாட்டியும் ஒருவரே. அறுபது வயதைத் தாண்டியவர். அங்கேயும் நம்ம ஊர் போலவே வயதில் பெரியவர்களை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறார்கள். நாங்களும் அவரை அங்கிள் என்றே கூப்பிட்டோம்.

புனலூவில் இறங்கினால் தென்னை மரங்கள், நீலக் கடல், நடுவில் கரியை அரைத்துக் கொட்டினது போலக் கறுப்பு மணல். பெரிய பச்சை ஆமைகள் கரையேறி, பாறை மாதிரி அசையாமல் வெயில் காய்கின்றன. அவற்றை நெருங்கக் கூடாது, குறைந்தது பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று அங்கிள் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் நாகர்கோவில்காரன். சும்மா இருப்பேனா? "எங்க ஊரிலும் கறுப்பு மணல் உண்டு" என்று ஆரம்பித்தேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட் இருக்கிறது. கன்னியாகுமரியில் கலர் மணலைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு விற்பார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வித்தியாசத்தை விளக்கினார். நம்முடையது, மலைப்பாறை காலங்காலமாகத் தேய்ந்து, ஆற்றோடு கடலுக்கு வந்து, கனமான தாதுக்களை அலை தனியாகப் பிரித்து ஒதுக்கிய மணல். அவர்களுடையது எரிமலை மணல். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான குழம்பு கடலில் விழுந்ததும் தண்ணீர் நீராவியாக வெடிக்கிறது. குழம்பு சட்டென்று குளிர்ந்து கறுப்புக் கண்ணாடித் தூளாக நொறுங்குகிறது. நம்ம மணலுக்கு லட்சக்கணக்கான வருஷம் ஆயிற்று. அங்கே சில வாரத்தில் ஒரு கடற்கரையே உருவாகிவிடும்.

உருவாவது மட்டுமல்ல, காணாமலும் போகும். அதே தீவில் கலபனா என்ற ஊருக்குப் பக்கத்தில் பேர்பெற்ற ஒரு கறுப்பு மணற்கரை இருந்தது. 1990-ல் கிலாவேயா எரிமலையின் குழம்பு வந்து, ஊரின் பெரும்பகுதியையும் கடற்கரையையும் சேர்த்து மூடிவிட்டது. 2018-ல் அதே எரிமலை மறுபடி பொங்கி, எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அந்தக் குழம்பு கடலில் இறங்கியபோதுதான் பொஹோய்கி என்ற இடத்தில் புதிதாக ஒரு கறுப்பு மணற்கரை உண்டானது.

"என் வீடும் அதில் போச்சு. பொஹோய்கிக்குப் போனால், கொஞ்சம் மணல் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்" என்று அங்கிள் சிரித்தார். நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம்.

இதற்குள் என் மகள் சட்டைப்பை நிறைய மணலை அள்ளிவிட்டாள். அவர் திட்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, "குழம்பு வருவது நின்னுட்டா இந்தக் கரைக்குப் புது மணல் வராது பாப்பா. ஆளுக்கு ஒரு கை அள்ளினா மிச்சம் என்ன இருக்கும்?" என்று கேட்டார். கடற்கரை மணலை எடுத்துப் போவது அந்த மாநிலத்தில் சட்டப்படியே தடை. அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். அவர் அவளுடைய ஷூவையும் கழற்றி உதறினார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

சாயந்திரம் ஹோட்டல் வாசலில் வேன் நின்றது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை குலுக்கும்போது மடித்த நோட்டை அவர் கையில் வைத்தார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட டூருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் சேர்த்து நான் கட்டிய கட்டணம் 600 டாலர். பதினைந்து சதவீதம் என்றால் 90 டாலர். மனசு உடனே ரூபாய்க்குத் தாவியது. ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்! அதுதான் டூருக்குக் காசு கட்டியாச்சே, சம்பளத்தை முதலாளிதானே கொடுக்கணும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு பத்து டாலரை நீட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. நன்றி சொல்லி, என் மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இரவு அப்பாவுக்குப் போன் செய்து, எரிமலை, ஆமை எல்லாக் கதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த டிரைவருக்கு என்ன குடுத்த மக்கா?" என்றார்.

"பத்து டாலர்."

"அது அங்க எவ்வளவு காசு?"

"ரெண்டு காபி குடிக்கலாம்ப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளைக்குக் கடல்காத்து ஒத்துக்கிட்டுதா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

என் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். சுசீந்திரம், பத்மநாபபுரம், கன்னியாகுமரி என்று வெளியூர்க்காரர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவார். முதலாளி கொடுப்பது பேட்டா மட்டும். மற்றது, வந்தவர்கள் கையில் வைப்பதுதான். 2006-ல் நான் இந்தக் கல்லூரியில் முதல் செமஸ்டர். பரீட்சை பீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது, வீட்டில் பணமில்லை. அந்த வாரம் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், இரண்டு நாள் சுற்றிக் காட்டியதற்கு அப்பாவுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தில்தான் நான் பரீட்சை எழுதினேன். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களும் 'காருக்குத்தான் வாடகை கொடுத்தாச்சே' என்று நினைத்திருந்தால்? நினைக்க எல்லா உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் டூர் ஆபீசுக்குப் போன் செய்தேன். வேறு ஆட்களை ஏற்ற ஏழு மணிக்கு அங்கிள் அதே ஹோட்டலுக்கு வருவார் என்றார்கள். வாசலில் காத்திருந்து, நூறு டாலர் வைத்த கவரைக் கொடுத்தேன். "நேற்றே கொடுத்தீர்களே" என்றார். "நேற்றுக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன்" என்றேன். கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மகளின் இன்னொரு ஷூவையும் உதறிவிட்டீர்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களில் பலர் வெளிநாடு போவீர்கள். டிப்ஸ் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கம் இருக்கிற இடமென்றால் அந்தத் தொகையையும் முதலிலேயே பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். மெட்டீரியலை மட்டும் போட்டுக் கூலியை விட்டுவிட்ட எஸ்டிமேட்டை நம்ம பேராசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்களா?

சம்பளத்தை முதலாளி ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான வாதம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் போனபோது ஹவாயில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். எட்டு மணி நேரத்துக்கு 96 டாலர். நான் கொடுக்காமல் விட்டது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. டிப்ஸ் பணத்தை முதலாளி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. ஆகவே கொடுத்தால் தொழிலாளிக்குத்தான் சேர வேண்டும். முறை சரியில்லை என்று முதலாளியிடம் வாதாடுங்கள், சட்டம் செய்கிறவர்களிடம் வாதாடுங்கள். அந்த வாதத்தின் செலவை வண்டி ஓட்டியவர் தலையில் கட்டாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன்.

கடைசியாக, வெளிநாடு போகாதவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இன்று மதியம் நமக்குப் பரிமாறப் போகிறவர்கள் நம் ஹாஸ்டல் மெஸ் பணியாளர்கள். பரீட்சைக் காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்த அண்ணன்கள் இரண்டு பேர் இன்னும் இங்கே வேலை பார்க்கிறார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு விடுமுறை நாள். எங்கள் பேட்ச் சார்பில் ஒரு கவர் தயாராக இருக்கிறது. மற்ற பேட்ச்காரர்கள் உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தப்பாகப் போட்டுவிட்டால் திருத்துவதற்கு ஹிலோ வரைக்கும் போக வேண்டாம். சாயந்திரம் ஐந்து மணி வரை அவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.