இரைப்பைப் பட்டை சிகிச்சைக்குப் பிறகு: எவை இயல்பானவை, எவற்றை உடனே சொல்ல வேண்டும்?

(மூத்தோருக்கான சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் பட்டை பொருத்திக்கொண்டவர்களுக்கு உடலில் பல மாற்றங்கள் ஏற்படும். அவற்றில் சில தாமாகவே சரியாகிவிடும். சிலவற்றைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். பட்டை பொருத்திப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் இது பொருந்தும்.

பட்டை எப்படி வேலை செய்கிறது?

பட்டை என்பது சிலிக்கோன் வளையம். அது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி இருக்கும். அதனால் மேலே ஒரு சிறிய பை உருவாகிறது. கொஞ்சம் சாப்பிட்டதும் அந்தப் பை நிரம்பி, பசி அடங்கிவிடும். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சிறு குமிழும் இருக்கும். அதன் வழியாக உப்பு நீரை ஏற்றி அல்லது இறக்கி, மருத்துவர் பட்டையை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். கையில் தட்டுப்படும் அந்தக் குமிழைக் கட்டி என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இயல்பான மாற்றங்கள்

முதல் சில நாள்களில் தோள்பட்டை வலிக்கலாம். அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவே அதற்குக் காரணம். வீட்டுக்குள் மெதுவாக நடந்து கொடுங்கள். வலி குறையும், காலில் இரத்தம் உறையாமல் இருக்கவும் நடை உதவும்.

குறைவாகச் சாப்பிடுவதால் மலச்சிக்கல் வரலாம். நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். சில மாதங்கள் கழித்து முடி கொட்டலாம். பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்து தொங்குவதும் இயல்பே. ஆனால் கொழுப்போடு தசையும் கரைந்தால் கால்கள் வலுவிழக்கும், கீழே விழும் ஆபத்து கூடும். அதனால் மீன், முட்டை, பருப்பு, தயிர், தவ்ஃபு போன்ற புரத உணவை முதலில் சாப்பிடுங்கள்.

உணவு சிக்கிக்கொண்டால்

ரொட்டி, புரோட்டா, குழைந்த சோறு, கடினமான இறைச்சி ஆகியவை பட்டையில் சிக்கிக்கொள்ளலாம். சிறு வாயாக எடுத்து, கூழாகும்வரை மெல்லுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். நெஞ்சு இறுகினாலோ, வாயில் எச்சில் ஊறினாலோ உடனே சாப்பிடுவதை நிறுத்துங்கள்.

எப்போதோ ஒருமுறை இப்படி நேரலாம். ஆனால் அடிக்கடி வாந்தி வருவது இயல்பு அல்ல. “எடைதான் குறைகிறதே, பட்டை நன்றாக வேலை செய்கிறது” என்று சிலர் வாந்தியை யாரிடமும் சொல்வதில்லை. இது ஆபத்தானது. பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம், அல்லது இடம் நழுவியிருக்கலாம். வாந்தி நீடித்தால் உடலில் நீர் வற்றும். பி1 வைட்டமின் குறைந்து நரம்புகளும் பாதிக்கப்படும்.

இரவில் படுத்ததும் இருமல், நெஞ்செரிச்சல், புளித்த நீர் மேலே வருதல் ஆகியவற்றையும் சாதாரணச் சளி என்று விட்டுவிடாதீர்கள். பட்டையைச் சற்றுத் தளர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

கெட்டியான உணவு இறங்கவில்லை என்று மைலோ, தே தாரிக், ஐஸ்கிரீம் பக்கம் போகாதீர்கள். இவை பட்டையைத் தாண்டி எளிதில் இறங்கும், எடையும் திரும்ப ஏறும்.

மருந்துகளில் கவனம்

எடை குறையும்போது நீரிழிவு, இரத்த அழுத்த மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். கை நடுக்கம், வியர்வை, எழும்போது தலைசுற்றல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம். மருந்தாளரைக் கேட்காமல் மாத்திரைகளைப் பொடியாக்கவும் வேண்டாம். மூட்டுவலி மாத்திரைகள் சில இரைப்பையைப் புண்ணாக்கும். வாங்குமுன் கேளுங்கள். தைப்பூசம் போன்ற நாள்களில் விரதம் இருக்க விரும்பினால், முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

தாமதிக்காமல் உதவி நாடுங்கள்

• தண்ணீர்கூட இறங்காதது, கடுமையான வயிற்றுவலி
• காய்ச்சல், குமிழ் இருக்கும் இடத்தில் சிவப்பு, வீக்கம் அல்லது சீழ்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம்

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், பட்டைதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 995 எண்ணை அழையுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். “இன்னும் ஒரு வாய்” என்று அன்போடு வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாய்தான் வாந்தியாக வரும். சாப்பிட்டபின் அவர்கள் குளியலறைக்கு அடிக்கடி போனால், என்னவென்று கேளுங்கள்.

மூத்தோர்களே, “இதற்கெல்லாம் போய் டாக்டரைத் தொந்தரவு செய்வதா?” என்று தயங்க வேண்டாம். உங்கள் தாதியிடமோ மருத்துவரிடமோ தமிழிலேயே சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்க்க ஒருவரைக் கேளுங்கள். நேரத்தோடு சொன்னால், பெரும்பாலான தொல்லைகளை எளிதாகச் சரிசெய்யலாம்.