திரையில் வெளிச்சம், தாளில் இருட்டு

படம் எடுக்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "கம்ப்யூட்டரில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்ட் போட்டால் இருண்டுபோகிறது." பிரிண்டரைத் திட்டுவார்கள், மையைக் குறை சொல்வார்கள், விலை கூடிய காகிதம் வாங்கி அதையும் வீணாக்குவார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சான்டா ஃபேயிலும் மெய்ன் மாநிலத்து ராக்போர்ட்டிலும் புகைப்படக் கலைக்கென்றே நடக்கும் பட்டறைகள் பேர்பெற்றவை. ராக்போர்ட்டில் 1973இலும் சான்டா ஃபேயில் 1990இலும் தொடங்கினார்கள். டிஜிட்டல் அச்சைக் கையால் செய்து பழக இத்தகைய இடங்களுக்கு வருகிறவர்களில் பலர் கொண்டுவரும் முதல் கேள்வியும் இந்தப் புலம்பல்தான். பதில் முதல் நாள் காலையிலேயே கிடைத்துவிடும். பிரிண்டரில் கோளாறில்லை. மானிட்டர்தான் தேவைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கிறது.

கடையிலிருந்து வந்து இறங்கும் மானிட்டர் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவுக்கும் மேலே வெளிச்சம் காட்டும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். அதனால் பட்டறையில் முதலில் யாரும் படத்தைத் தொடுவதில்லை. திரையின் மேல் ஒரு சின்ன அளவுகருவியைத் தொங்கவிட்டு, அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்துகிறார்கள். பிறகு அறையைத் திருத்துகிறார்கள். சுவர் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். அச்சைப் பிடித்துப் பார்க்கும் விளக்கு 5,000 கெல்வின் அளவில் இருக்க வேண்டும். அடர்ந்த சிவப்புச் சட்டை போட்டுவந்தால் அதன் சாயல் திரையில் விழும் என்று சட்டையைக்கூடக் கவனிக்கிற ஆசிரியர்கள் உண்டு. கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் மாலைக்குள் பத்துத் தாள் மிச்சமானால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

இந்த டிஜிட்டல் புகைப்பட அச்சுத் தொழில் பிறந்த கதையின் நாயகர் ஒரு பாடகர். கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் இசைக்குழுவின் கிரகாம் நாஷ். பழைய புகைப்படங்களைச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத பித்து. 1990இல் தம் சேகரிப்பைச் சதபீஸ் ஏலத்தில் விட்டபோது அது 20 லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. தாமும் படம் எடுப்பார். ஆனால் அவருடைய பழைய நெகட்டிவ்கள் தொலைந்துபோய், கான்டாக்ட் தாள்களில் இருந்த குட்டிப் பிரதிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பெரிதாக்க முடிந்தது. பெரிதாக்கியதைத் தாளில் ஒழுங்காக இறக்கத்தான் வழியில்லை.

தேடியபோது அகப்பட்டது ஐரிஸ் 3047. அச்சகங்கள் பெரிய அச்சுக்குப் போகும் முன் வண்ணம் சரிபார்க்க வாங்கிவைத்த இயந்திரம். விலை 1,26,000 டாலர். சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, அதன்மேல் நுண்துளிகளாக மையைப் பீய்ச்சும். மெல்லிய தாளை மனத்தில் வைத்துச் செய்தது அது. நாஷுக்கு வேண்டியதோ ஓவியர்கள் வாங்கும் தடித்த பருத்தித் தாள். இசைக்குழுவின் சுற்றுப்பயணங்களைக் கவனித்துவந்த மேக் ஹோல்பர்ட் இந்த முயற்சியில் அவரோடு சேர்ந்தார். மை பீய்ச்சும் முனைகள் தாளில் இடிக்காமல் இருக்க, அத்தனை விலை கொடுத்த இயந்திரத்தின் உள்பாகத்தை ரம்பம் வைத்து அறுத்தார்கள். கம்பெனி கொடுத்த உத்தரவாதம் அன்றோடு தீர்ந்தது. 1991இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகம் திறந்தது. ஹோல்பர்ட் பிற்காலத்தில் பட்டறைகளில் ஆசிரியராகவும் நின்றார்.

இன்று ரம்பம் தேவையில்லை. மேசைமேல் வைக்கும் பிரிண்டரே தடித்த தாளை வாங்கிக்கொள்ளும். தாளைத் தேர்ந்தெடுப்பதுதான் இன்னும் தலைவலி.

ஜெர்மனியின் ஹானமூலே ஆலை 1584 முதல் காகிதம் செய்துவருகிறது. அதன் ஃபோட்டோ ராக் தாள் முழுக்கப் பருத்தி; சதுர மீட்டருக்கு 308 கிராம். பட்டறைக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டவுடன் மயங்கிவிடுகிறார்கள். இது மேட் தாள், பளபளப்பு கிடையாது. இத்தகைய தாளில் விழும் மிகக் கறுத்த கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 அல்லது 1.7. பளபளப்புத் தாளிலோ அது 2.3 வரை போகும். எண்ணில் வித்தியாசம் சின்னது; ஆனால் இது மடக்கைக் கணக்கு. பளபளப்புத் தாளின் கறுப்பு தன்மேல் விழும் வெளிச்சத்தில் அரை சதவீதத்தைத்தான் திருப்பித் தருகிறது. மேட் தாளின் கறுப்பு 2.5 சதவீதம் வரை தருகிறது, கிட்டத்தட்ட 5 மடங்கு. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி நல்ல மானிட்டரில் 1,000க்கு 1 என்றால், மேட் தாளில் அது சுமார் 40க்கு 1தான். திரையில் கண்ட படத்தை அப்படியே தாளில் எதிர்பார்ப்பது நடக்காத காரியம். தாளுக்கென்று படத்தை வேறாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதுபோல, பல தாள்களில் வெண்மையைக் கூட்டிக் காட்டும் ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். காலப்போக்கில் அதன் வேகம் குறைந்து தாள் மஞ்சளடிக்கும். பல ஆண்டு நிற்க வேண்டிய அச்சுக்கு, சற்று மங்கலாகத் தெரிந்தாலும், இந்தப் பூச்சில்லாத தாளே மேல்.

ஒவ்வொரு தாளும் மையை ஒவ்வொரு விதமாக உறிஞ்சுகிறது. நூற்றுக்கணக்கான வண்ணச் சதுரங்களை அந்தத் தாளில் அச்சிட்டு, காயவைத்து, ஒவ்வொன்றையும் கருவியால் படித்து அதற்கென ஒரு புரொஃபைல், அதாவது அந்தத் தாளின் வண்ண விவரக் கோப்பு, தயாரிக்கிறார்கள். இதற்கான பொது வடிவத்தை வகுக்க 1993இல் 8 நிறுவனங்கள் சேர்ந்து சர்வதேச வண்ணக் கூட்டமைப்பை அமைத்தன. அடோபி, ஆப்பிள், கோடக் ஆகியவை அவற்றில் அடக்கம். புரொஃபைல் இருந்தால் அச்சு எப்படி வரும் என்பதை ஃபோட்டோஷாப் முன்கூட்டியே திரையில் காட்டும். அந்த வசதியைப் போட்ட மறுகணம் படம் சோகையாகிவிடும். அதை அணைத்துவிடத்தான் கை பரபரக்கும். அணைக்காமல், சோகையான அந்தப் படத்துக்கு உயிரூட்டுவதில்தான் பட்டறை நடக்கும் வாரத்தின் பெரும்பகுதி போகிறது.

அது எப்படி நடக்கிறது? கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல் பட்டை ஒன்றை முதலில் அச்சிடுகிறார்கள். கறுப்பு முனையின் நான்கைந்து படிகள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டால், அந்தத் தாளில் நிழலின் நுணுக்கம் எதுவரை தெரியும் என்பது விளங்கிவிடும். பிறகு உள்ளங்கை அளவுத் துண்டில் சோதனை அச்சு. முகம் ஒரு சிட்டிகை வெளுக்கட்டும், மூலை கொஞ்சம் கறுக்கட்டும் என்று தூரிகையால் தடவி, மறுபடி ஒரு துண்டு. படத்தை 16 பிட்டில் வைத்திருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் 65,536 படிகள் வரை இடமுண்டு. 8 பிட்டில் வெறும் 256தான். இழுத்து இழுத்துத் திருத்தும்போது வானம் பட்டை பட்டையாகப் பிளக்காமல் இருக்க அந்த உபரி வேண்டும்.

இது ஏமாற்று வேலையில்லையா என்று கேட்கிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்குக் காட்டவென்றே இருக்கிறது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்'. 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த ஒரே நெகட்டிவ். அதிலிருந்து 1,300க்கும் மேற்பட்ட அச்சுகளைப் பல பத்தாண்டுகளில் அவர் போட்டார். ஆரம்ப கால அச்சுகளில் வானம் வெளிறி, மேகங்கள் இழையோடும். பிற்கால அச்சுகளில் அதே வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நிலாவும் கல்லறைச் சிலுவைகளும் அதனால்தான் அத்தனை தெறிப்பாகத் தெரிகின்றன.

நம் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 1858இல் மதுரையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் படம் பிடித்த லினியஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, பல நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தார். அந்தக் கால ரசாயனம் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி வினைபுரிவதால் வானம் மொட்டை வெள்ளையாக விழுந்துவிடும். அதற்கான வைத்தியம்தான் இது. ஃபோட்டோஷாப் வருவதற்கு 130 ஆண்டுகளுக்கும் முந்தைய கைவேலை.

மாலைகளில் அச்சுகளைச் சுவரில் மாட்டி எல்லோரும் தள்ளி நின்று பார்க்கிறார்கள். கண் முதலில் எங்கே போகிறது என்று ஆசிரியர் கேட்பார். சில சமயம் படத்தைத் தலைகீழாக மாட்டச் சொல்வார். மரம், முகம் என்ற நினைப்பு மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிவதற்காக. திருத்தத்தைப் பட்டியல் போட்டுக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ பயன் தருகிறது.

ஈரம் காயும் முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இருட்டறைக் காலத்துப் பாடம். காய்ந்தால் அச்சு கறுக்கும் என்பதால் ஆடம்ஸ் தம் சோதனைத் துண்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் காயவைத்துப் பார்ப்பார். மை அச்சிலும் நிறம் நிலைகொள்ளக் கொஞ்ச நேரமாகும்.

நிலைத்து நிற்பது இன்னொரு கவலை. ஐரிஸ் இயந்திரத்தின் தொடக்ககாலச் சாய மைகள் வெளிச்சத்தில் விரைவாக வெளுத்தன. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி வில்ஹெல்ம் வண்ணப் படங்களின் ஆயுளைச் சோதித்து 1993இல் வெளியிட்ட பெரும் நூலும் அவரது தொடர் சோதனைகளும் மை தயாரிப்பாளர்களை உலுக்கின. 2000இல் தொடங்கி, எளிதில் வெளுக்காத நிறமி மைகள் சாதாரணப் பிரிண்டருக்கும் வந்தன. நாஷின் அறுபட்ட ஐரிஸ் 2005இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நல்ல அச்சு கைக்கு வந்ததும் பலர் நேரே சட்டம் போடுகிற கடைக்கு ஓடுகிறார்கள். மையிலுள்ள திரவம் ஆவியாகி வெளியேற ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் சட்டம் போட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாக ஒரு படலம் படியும். அச்சின்மேல் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றைப் பரப்பி, 24 மணி நேரம் விட்டு, தாளில் அலையலையாகச் சுருக்கம் விழுந்திருந்தால் வேறு தாள் மாற்றி இன்னும் ஒரு நாள் காத்திருந்து, அதன் பிறகு சட்டம் போடலாம்.