நகையும் முதல்தான்

திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் தொடங்க நினைக்கும் குடும்பத்தில் பல சமயம் முதலில் அடகுக்குப் போவது மனைவியின் நகை. அந்தப் பணத்தில் நாலு ஓவர்லாக், இரண்டு பேட்லாக் தையல் மெஷின் வந்து இறங்கும். அடுத்த கடனுக்கு அவர் கையெழுத்தும் போகும். தைத்த பீஸ் வெளியே போனால் சலான் எழுதுகிற அதே இடத்தில், அந்த நகை கடனா, முதலா என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. சீதனம் மனைவிக்கே முழு உரிமையான சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நகை மெஷினாக மாறிய பிறகு, அது யாருடையது என்று எதை வைத்துக் காட்டுவது?

புருஷன் பெண்டாட்டிக்குள் பத்திரம் எழுதினால் நம்பிக்கை போய்விடும் என்பார்கள். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியதும் எந்தக் கணவனின் துரோகத்தாலும் அல்லவே! நல்ல மனிதரும் திடீரென இறந்துபோகலாம். உயில் இல்லாவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பெயரிலுள்ள மெஷின்களில் அவருடைய தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்குச் சமமான பங்கு உண்டு. தன் நகையில் வாங்கியதையே மனைவி பங்குபோட நேரும்.

நம் ஊரில் இப்படி எழுதுவது செல்லாது என்பது இன்னொரு வாதம். அதில் பாதிதான் உண்மை. விவாகரத்தானால் யாருக்கு எவ்வளவு என்று கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்வதை, பொதுநலக் கொள்கைக்கு முரண் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவைக் காட்டி நீதிமன்றம் தள்ளிவிடலாம். கணவனும் மனைவியும் தொழிலில் பங்குதாரர்களாக எழுதிக்கொள்ளும் கூட்டாண்மைப் பத்திரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கூட்டாண்மை உறவுமுறையால் வருவதல்ல, ஒப்பந்தத்தால் வருவது என்கிறது 1932ஆம் ஆண்டுச் சட்டம். நகையின் எடை, அன்றைய மதிப்பு, லாபப் பங்கு, யூனிட்டை மூடினால் யார் எதை எடுப்பது என எல்லாவற்றையும் அதில் எழுதலாம். ஒன்று மட்டும் கவனம்: பங்குதாரர் ஆகிவிட்டால் நிறுவனத்தின் கடனுக்கு இருவருமே முழுப் பொறுப்பு, உள்ளுக்குள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. பத்திரத்தைப் பதிவாளரிடம் பதிந்தும் விடுங்கள். பதியாத நிறுவனம் நடந்துகொண்டிருக்கும்போது, பங்குதாரர் தன் ஒப்பந்த உரிமையைக் கேட்டு அதன்மேல் வழக்குப் போட முடியாது.