சிரமதானத்தோடு நின்றுவிடலாமா?

(வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செயலாளர் வாசித்த ஆண்டறிக்கையைக் கவனமாகக் கேட்டேன். குளத்துக்குச் செல்லும் வெள்ளவாய்க்காலை இவ்வாண்டும் சிரமதானமாகத் துப்புரவு செய்ததாக அதில் ஒரு வரி வருகிறது. சென்ற ஆண்டறிக்கையிலும் இதே வரி இருந்ததென்று அருகிலிருந்த பெரியவர் கூறினார். உங்கள் உழைப்பைக் குறைத்துக் கூற நான் இங்கு வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஒரே வாய்க்கால் ஆண்டுதோறும் தூர்ந்துபோவது ஏன்?

மதிலொன்று வாய்க்காலுக்குள் இறங்கி நிற்கிறது. மதகு போதாது. குப்பை வண்டி செல்லாத ஒழுங்கையில் உள்ளோர் குப்பையை அங்கேதான் கொட்டுகின்றனர். இம்மூன்றில் ஒன்றையேனும் மண்வெட்டி தீர்க்குமா? மதிலுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வழங்குவது பிரதேச சபை. பெருந்தெருக்களை வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாணத் திணைக்களமும் பார்த்துக்கொண்டாலும், ஊர் ஒழுங்கைகளும் அவற்றின் மதகுகளும் பிரதேச சபைக்கே உரியன. குப்பை அகற்றுவதும் அதன் கடமையே.

வாய்க்கால்தானே என்று எண்ணிவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரிமழை குளங்களிலே தங்கி, சுண்ணாம்புப் பாறையினூடு கீழிறங்கினால் அன்றோ நமது கிணறுகளில் நன்னீர் உண்டு! வாய்க்கால் அடைபட்டால் கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம். சித்திரையில் கிணற்றில் உவர்.

“எமக்கு அரசியல் வேண்டாம், தொண்டு போதும்” என்று நல்ல இளைஞர் பலர் சொல்லக் கேட்கிறோம். அரசியலில் அவர்கள் கண்ட அழுக்கு அவ்வாறு சொல்ல வைக்கிறது; அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் விலகி நிற்பதனால் சபையின் ஆசனங்கள் வெறுமையாய் இருப்பதில்லை. யாரோ அமர்கிறார்கள், மதிலுக்கு அனுமதி கொடுக்கிறார்கள்.

தொண்டும் சபையும் சேர்ந்தால் யாது விளையும் என்பதற்கு நமது கண்முன்னே சான்று நிற்கிறது. 1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தமது இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு அது பொது நூலகமாயிற்று. 1935இல் யாழ்ப்பாண நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. 1959இல் மாநகரசபையின் பொறுப்பிற் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 1981இல் தீயோர் அதனை எரித்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அங்கே இருந்தன. தனிமனிதர் ஒருவரின் வீட்டு அலுமாரி அந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா? செல்லப்பா தொடங்காவிடில் சபை தானாகத் தொடங்கியிருக்குமா? இரண்டும் ஐயமே. பின்பு மீளக் கட்டப்பட்ட நூலகத்தை இன்றும் நடத்துவது மாநகரசபைதான்.

பழைய கிராமசபைகளை 1981இல் இழந்தோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தந்தது. 2023 மார்ச்சு 9ஆந் திகதி நடந்திருக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணங் கூறி நடத்தப்படவில்லை. சபைகள் கலைந்தன, அலுவலர்கள் ஆண்டனர். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு நடந்ததோ 2025 மே 6இல். ஈராண்டுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாதிருந்த அக்காலத்தில், “எங்கள் சபை எங்கே?” என்று கேட்ட சனசமூக நிலையங்கள் எத்தனை? கோயில் திருவிழா ஓராண்டு நின்றிருந்தால் ஊர் பொறுத்திருக்குமா?

இன்னுமொன்று. இது சிலருக்குக் கசக்கலாம். நமது சங்கங்களும் கழகங்களும் பெரும்பாலும் ஒரு குறிச்சியாருக்கு உரியனவாய், ஒரு சாதியாருக்கு உரியனவாயும் இருந்து வந்துள்ளன. சிரமதானத்துக்குக் கூடுவோர் தமது ஒழுங்கையைத் திருத்திவிட்டு, அடுத்த குறிச்சியின் ஒழுங்கையைப் பாராமலே வீடு திரும்புவதுண்டு. வெளிநாட்டிலுள்ள நம்மவர் அனுப்பும் பணமும் கோபுரத்துக்கு விரைவாய் வரும். அக்கடைசி ஒழுங்கைக்கு வருவதில்லை. எல்லா வட்டாரத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே வரிப்பணத்தைப் பங்கிடவேண்டிய இடம் சபை ஒன்றுதான். அங்கேயும் அநீதி நடக்கலாம். ஆனால் அங்கே நடந்தால் கேட்க வழியுண்டு.

தாய்மாருக்கும் ஒரு சொல். உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இருவரளவில் மாத்திரம் பெண்கள் இருந்த நிலையை, நூற்றுக்கு 25 ஆசனம் என்ற ஒதுக்கீடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து மாற்றியது. ஆசனத்தை நிரப்புவதற்காக எவரோ ஒருவரின் பெயரைக் கடைசி நேரத்தில் எழுதும் கட்சிகளும் உண்டு. மாதர் சங்கக் கணக்கைப் பல்லாண்டு பிழையின்றி வைத்திருப்பவர் உங்களிடையே இருக்கும்போது, அந்தப் பெயர் ஏன் எவரோ ஒருவருடையதாக இருக்கவேண்டும்?

எல்லாரும் வேட்பாளராக வேண்டியதில்லை. சபையின் மாதக் கூட்டத்துக்குச் சென்று பார்வையாளராக அமரலாம். சபைக் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது; எழுதிக் கேட்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, மதகுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று விண்ணப்பமொன்றினால் வினவலாம். வாய்ப்பேச்சிலே கேட்டால் வாய்ப்பேச்சிலேதான் பதில் வரும். ஆதலால் எதையும் எழுத்திலே கேளுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை நிறைவேற்றுமுன் சபை அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். அதைப் பார்த்துவர இருவர் போதும். ஒருவர் கணக்குத் தெரிந்தவராகவும், மற்றவர் இவ்வூரின் எல்லா ஒழுங்கைகளிலும், தமது குறிச்சி ஒழுங்கையில் மாத்திரமன்றி எல்லாவற்றிலும், நடந்தறிந்தவராகவும் இருத்தல் நன்று. அவ்விருவரையும் இக்கூட்டம் கலையுமுன் தெரிவுசெய்து, பெயரை அறிக்கைப் புத்தகத்தில் எழுதுமாறு தலைவர் அவர்களை வேண்டி அமர்கின்றேன்.