வீட்டைப் புதுக்குதலும் கடன் கொள்ளுதலும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழுதுற்ற சன்னல்களை மாற்றுதற்கும், வீட்டைச் செப்பனிடுதற்கும் வேண்டும் பொருளை எவ்வழியிற் பெறுதல் நலம் என்பதே இன்று என்பால் ஒப்புவிக்கப்பெற்ற பொருள். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். சன்னல் என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். அதற்கு முன்னரே நம்மவர் அதனைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். அவ்வழியே காற்று வருதல் வேண்டுமேயன்றிக் கவலை வருதல் கூடாது. கடன் என்னும் சொல்லோ, வாங்கிய பொருளையும் செய்தற்குரிய கடமையையும் ஒருங்கே குறிப்பது. இவ்விரு சொற்களையும் உளங்கொண்டு மேலே செல்வோம்.

முதலாவது, செய்யவேண்டிய வேலையை மூவகையாகப் பகுத்துக்கொள்க. அழிவைத் தடுப்பது ஒன்று. வசதி தருவது ஒன்று. அழகு செய்வது ஒன்று. மழைநீர் ஒழுகும் தளமும், கறையான் அரித்த சட்டமும் முதல் வகையின. இவற்றை ஐப்பசி மழைக்கு முன் முடித்தல் வேண்டும். தாழ்த்தால் செலவு பெருகும். பிற வேலைகள் காத்திருக்கும். சட்டம் உறுதியாயிருப்பின் கதவையும் கீலையும் கொண்டியையும் மட்டும் மாற்றினாற் போதும். அடுத்த வீட்டார் அலுமினியமோ யூ.பி.வி.சி.யோ வைத்தனர் என்பதற்காக நம் வீட்டுப் பழந்தேக்கைப் பெயர்த்தெறிதல் அறிவுடைமையன்று. மூவரிடம் எழுத்து வாயிலாக மதிப்புக் கேட்டு ஒப்பிட்ட பின்னரே பணத்தைப்பற்றி எண்ணுதல் தகும்.

பணம் பெறும் வழிகளுள் தலையாயது சொந்தச் சேமிப்பே. ஆயினும் கையிருப்பு முழுவதையும் சுவரிற் செலவிட்டுவிட்டு, மறுமாதம் மருத்துவச் செலவுக்குக் கடன் தேடுதல் நன்றன்று. இவ்வாண்டு தளம், வருமாண்டு பின்கட்டுச் சன்னல், அதன் பின் முன்கட்டு என்று படிப்படியாகச் செய்வோர்க்கு வட்டியே இல்லை. உத்தியோகத்தில் இருப்போர் சேமநல நிதியிலிருந்து எடுக்கலாம் என்பர். அதற்கும் விலை உண்டு. தொழிலாளர் சேமநல நிதிக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவித்த வட்டி நூற்றுக்கு 8.25. அவ்வட்டி தொடருமாயின் முதல் ஒன்பது ஆண்டுக்குள் இரட்டிக்கும். இன்று எடுக்கும் ஓரிலட்சம், பதினெட்டு ஆண்டு கழித்து ஓய்வு பெறுவோனுக்கு நான்கிலட்சத்தின் இழப்பாகும்.

அடுத்தது நகைக்கடன். விரைவிற் கிடைப்பது, வட்டியும் கைமாற்றுக் கடனினும் குறைவு. ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் வகுத்த விதிகள், இரண்டரை இலட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு நகை மதிப்பில் நூற்றுக்கு 85 வரை கொடுக்க இடந்தருகின்றன. நிரம்பக் கிடைக்கிறதென்று நிரம்ப வாங்குதல் கூடாது. திங்கள்தோறும் வட்டி கட்டாது விட்டால் அது முதலோடு சேர்ந்து நகையை ஏலத்துக்கு இழுத்துச் செல்லும். இன்னுமொன்று கூறுவேன், ஆடவர் செவிசாய்த்தல் வேண்டும். மனைவியின் சீதன நகை மனைவிக்கே முழுவுரிமையுடையது என்று உச்சநீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. அவள் மனமுவந்து இசையாத நகையை வீட்டு முகப்பின் பொலிவுக்காக அடகு வைப்பது முறையன்று, அறமுமன்று.

வங்கிக் கடன் வேண்டுவோர் வீட்டுச் செப்பக் கடன் என்றே கேட்டல் வேண்டும். பொதுவாகத் தனிநபர் கடனினும் இதற்கு வட்டி குறைவு. பழைய வரித்திட்டத்தைத் தெரிந்துகொண்டவர்க்குத் தாம் வாழும் வீட்டின் செப்பக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வருமானத்திற் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு.

இங்கே ஒரு கணக்கை மாணாக்கர்க்குச் சொல்லுமாறு சொல்கின்றேன். ஓரிலட்சம் ரூபாயை மூன்றாண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியில் இருவர் வாங்கினர் என்க. ஒருவர்க்குக் குறையும் முதலின்மேல் வட்டி. அவர் மாதம் ஏறத்தாழ 3,321 ரூபாய் கட்டுவார். மொத்த வட்டி ஏறத்தாழ 19,570. மற்றவர்க்கு முழு முதலின்மேலேயே மூன்றாண்டும் வட்டி. அவர் மாதம் 3,778 கட்டுவார். மொத்த வட்டி 36,000. இருவர் பத்திரத்திலும் 12 என்னும் எண்ணே நிற்கும். ஆயினும் பின்னவர் உண்மையிற் கொடுப்பது நூற்றுக்கு 21 வட்டியாகும். இவ்வேமாற்றம் நேராமைப்பொருட்டு, 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டு, எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முதன்மை விவரக் குறிப்பைக் கடன் பெறுவோர்க்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுத்தல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அத்தாளைக் கேட்டு வாங்குக. படித்த பின்னரே கையொப்பமிடுக.

சன்னல் விற்போர் சிலர் வட்டியில்லாத் தவணை என்பர். அவரிடம் ரொக்கத்துக்கு என்ன விலை என்று வினவுக. ரொக்க விலை குறைவாயின் அவ்வேறுபாடே வட்டி. உண்மையில் பூச்சிய வட்டி என்பதொன்றில்லை என்பதை ரிசர்வ் வங்கியும் 2013ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது.

ஏலச்சீட்டு நம்மவர்க்குப் பழகியது. இருபதின்மர் மாதம் 5,000 ரூபாய் கட்டும் ஓரிலட்சச் சீட்டில், தொடக்கத்திலேயே 30,000 தள்ளி எடுப்பவர் கையில் 70,000 ரூபாயே சேரும். நடத்துநர் கழிவு 5,000 எனக் கொண்டால், எஞ்சிய 25,000 ஆளுக்கு 1,250 வீதம் பகிரப்படும். மழைக்கு அஞ்சி அவசரத்தில் எடுப்பவர் இழப்பார். ஈராண்டு முன்னரே எண்ணிச் சேர்ந்து இறுதியில் எடுப்பவர் பெறுவார். எங்ஙனமாயினும் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுபெற்ற சீட்டிலன்றிச் சேரற்க. உறவினர் நடத்துகிறார் என்பது பதிவுக்கு ஈடாகாது.

இனி, கைமாற்றுக் கடன். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் காதுக்குச் சிறிதாகவே ஒலிக்கும். ஆண்டுக்கு 36 என்று பெருக்கிப் பாருங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழகத்திற் சட்டம் வந்துள்ளது. எனினும் அதனினும் கொடியது ஒன்றுண்டு. அடமானப் பத்திரத்துக்கு மாறாகக் கிரயப் பத்திரமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதிக் கேட்போர் உளர். "பெயருக்குத்தான், பணம் தீர்ந்தவுடன் திருப்பி எழுதித் தருவோம்" என்பது அவர் வாய்ச்சொல். வாய்ச்சொல் காற்றிற் போகும். பத்திரமோ பதிவகத்தில் நிற்கும். சன்னலுக்குப் பணம் வாங்கிச் சன்னல் நின்ற வீட்டையே இழப்பது இவ்வழியில்தான். எத்துணை நெருக்கடியிலும் கிரயம் எழுதிக் கொடாதீர்கள்.

வேலைக்காரர்க்குப் பணம் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். மரமோ கண்ணாடியோ வாங்குதற்கு ஒரு பங்கு, சட்டம் பொருத்திய பின் ஒரு பங்கு, மழை பெய்து ஒழுகாமை கண்ட பின் இறுதிப் பங்கு என்று எழுதிக்கொள்க. முழுதும் முன்னரே பெற்றவர் கையில் வேலை தூங்கும்.

அன்பர்களே! வீடு புதுக்கும் எண்ணம் நம்மவரிடையே பெரும்பாலும் எப்பொழுது எழுகின்றது? மகளுக்கு வரன் பார்க்கும்பொழுது. வருவோர் முகப்பைக் கண்டு மதிப்பர் என்னும் அச்சத்தால் முகப்புக்குக் கடன். பின்னர் மணத்துக்குக் கடன். அதன் பின் இளையவன் படிப்பு நிற்கின்றது. இவ்வச்சத்தை விதைத்தவர் பிறரல்லர். பெண் பார்க்கச் சென்று சுவரைப் பார்த்துத் திரும்பும் நாமே. ஆதலின் இச்சங்கத்தின் முன் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கின்றேன். மணப்பேச்சில் வீட்டு முகப்பைக் குறித்துப் பேசுவதில்லை என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்ளுதல் ஒன்று. கணக்கும் சட்டமும் அறிந்த நால்வரை அமர்த்தி, கடன் வாங்குவோர் கையொப்பமிடுமுன் அப்பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் மற்றொன்று. இவற்றுக்குப் பொருட்செலவில்லை; மனம் ஒன்றே வேண்டும். பெரியோர்கள் ஆராய்ந்து தீர்மானம் செய்வீர்களாக.